கப்பல் மரமும் சுரங்கப் பாதையும்: இங்கிலாந்தின் பழைய கிராமத்து விடுதியில் எதை நம்பலாம், எதைப் பார்க்கலாம்?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு பழைய விடுதியில் இரண்டு இரவு தங்கப் போவதாகவும், "14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கப்பல் மரங்களால் ஆன உத்தரங்கள், தேவாலயம் வரை செல்லும் சுரங்கப் பாதை" என்று அவர்கள் விளம்பரம் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எவ்வளவு உண்மை, உள்ளே போனால் எதைப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால்: நூற்றாண்டு மெய்யாக இருக்கலாம், கப்பல் பெரும்பாலும் கதை, சுரங்கம் அநேகமாகச் சாக்கடை. இனி விரிவாக.

நாம் பொதுவாக விடுதி என்று சொல்லிவிடுகிற இடங்களுக்கு ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் மூன்று தனிப் பெயர்கள் வைத்திருந்தார்கள். பீர் விற்கும் எளிய வீடு ஏல்ஹவுஸ். நகரத்தில் ஒயின் ஊற்றிக் கொடுக்கும் இடம் டாவர்ன். ஆளுக்கும் குதிரைக்கும் இரவு தங்க இடம் தருவது இன். 1577இல் அரசு கணக்கெடுத்தபோது விவரம் வந்து சேர்ந்த பகுதிகளில் மட்டும் ஏல்ஹவுஸ்கள் 14,000க்கு மேல் இருந்தன. இன்கள் 1,600 சொச்சம்தான். ஆகவே இன் என்பது ஊரில் மதிப்பான பெரிய தொழில். அதற்குச் சட்டத்தின் கட்டும் உண்டு. இடம் இருக்கும்வரை வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது. விருந்தினரின் பொருள் விடுதிக்குள் களவு போனால் விடுதிக்காரர் பொறுப்பேற்க வேண்டும். 1584இல் தீர்ப்பாகி, பின்னர் நூற்றாண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்ட வழக்கே ஒரு குதிரையைப் பற்றியது. குதிரைக்காரர் தம் குதிரையை வெளியே மேய்ச்சலுக்கு விடச் சொன்னார், அது திருடு போனது. விடுதியின் எல்லைக்குள் இல்லாத குதிரைக்கு விடுதிக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது.

குதிரையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய இன் ஒன்றைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் நேரே கணப்படுப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே தொடங்கினால் கட்டடம் பிடிபடாது. அது குதிரைக்காகத் திட்டமிட்ட கட்டடம். மனிதர்கள் அதன் ஓரத்தில் தூங்கினார்கள். வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்பில் ஒரு அருமையான தகவல் இருக்கிறது: குதிரையோடு வந்தவருக்குப் படுக்கை இலவசம், நடந்து வந்தவர் ஒரு பென்னி கொடுக்க வேண்டும். தீவனத்தில்தான் லாபம் என்றால் கட்டடமும் அந்தக் கணக்கில்தானே எழும்பும்?

ஆகவே பெட்டியை அறையில் வைத்துவிட்டு முதலில் முற்றத்துக்குப் போங்கள். தெருவிலிருந்து உள்ளே போகும் வளைவு வாயில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். தலைக்கு மேல் நிறைய இடம் விட்டிருந்தால் கூரைமேலும் பயணிகளை ஏற்றிவந்த கோச் என்னும் பெரிய குதிரை வண்டிகளுக்காக உயர்த்தியது. தாழ்வாக இருந்தால் அதற்கு முந்திய, பொதிகுதிரைக் காலத்து வாயிலாக இருக்கலாம். வாயிலின் இரு மூலைகளிலும் தரையோரம் குட்டையான கற்கள் சாய்வாக நட்டிருக்கும். வண்டியின் அச்சுமுனை சுவரை உரசாமல் காக்க வைத்தவை. பிறகு முற்றத்தின் பக்கங்களைப் பாருங்கள். இன்று கார் நிறுத்துமிடமாகவோ உணவறையாகவோ ஆகிவிட்ட நீளமான கொட்டடிதான் லாயம். அதன் மேல்மாடியில் சுவர் நடுவே தரையில்லாமல் தொங்குவதுபோல ஒரு கதவு இருந்தால் அது வைக்கோல் ஏற்றிய வழி.

முற்றத்தைச் சுற்றி மாடியில் திறந்த மரத் தாழ்வாரம் ஓடுவது இந்தக் கட்டடங்களின் பழைய அமைப்பு. அறைகள் எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில்தான் திறக்கும். உள் நடை என்று ஒன்று கிடையாது. இப்படி முழுமையாகப் பிழைத்திருப்பவை மிகக் குறைவு. குளோஸ்டர் நகரில் 1450 அளவில் ஜான் ட்வைனிங் என்ற துறவி கட்டிய நியூ இன் அவற்றில் தலைசிறந்தது. கொலையுண்ட இரண்டாம் எட்வர்டு மன்னரின் கல்லறையைப் பார்க்க வந்த யாத்திரிகர்களுக்காக மடாலயம் எழுப்பியது அது. லண்டன் சதக்கில் இருக்கும் ஜார்ஜ் இன் 1676 தீ விபத்துக்குப் பிறகு, 1677இல் மறுபடி கட்டப்பட்டது. 1889இல் ரயில்வே அதன் மற்ற பக்கங்களை இடித்துவிட, ஒரு பக்கத் தாழ்வாரம் மட்டும் மிஞ்சியது. கிராமத்து விடுதிகளில் பெரும்பாலும் இந்தத் தாழ்வாரத்துக்குக் கண்ணாடி போட்டு அடைத்து நடையாக்கிவிட்டார்கள். உங்கள் மாடி நடை ஒரு பக்கம் முழுக்க ஜன்னலாகவும், தேவையில்லாத இடங்களில் இரண்டு படி ஏறி மூன்று படி இறங்குவதாகவும் இருந்தால், ஒரு காலத்தில் மழைச் சாரல் அடித்த தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

தெருமுகப்பை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் சாலைகள் சீர்பட்டன, பணம் புழங்கியது, மரச்சட்டக வீடுகள் நாட்டுப்புறத்தனமாகத் தோன்றத் தொடங்கின. உடனே முன்பக்கத்தில் மட்டும் செங்கல் சுவர் எழுப்பி, ஒரே அளவு ஜன்னல்களை வரிசையாக வைத்து, பழைய செங்குத்தான கூரை தெரியாதபடி கைப்பிடிச் சுவரால் மறைத்தார்கள். பக்கவாட்டுச் சந்தில் நின்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்னால் 1760, பின்னால் 1480 என்று ஒரே கட்டடம் இரண்டு வயது காட்டும். அடைத்த ஜன்னலைக் காட்டி "ஜன்னல் வரி" என்பார்கள், அதாவது ஜன்னல்களை எண்ணி விதித்த வரிக்குப் பயந்து அடைத்ததாம். அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மைதான்; ஆனால் முகப்பின் ஒழுங்குக்காகத் தொடக்கத்திலேயே பொய் ஜன்னலாகக் கட்டியவையும் ஏராளம்.

இனி உள்ளே. உத்தரங்கள்.

கப்பல் மரக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்கிறேன். உத்தரத்தில் எதற்கும் பயன்படாத செவ்வகத் துளைகளும் வெட்டுகளும் இருக்கின்றன. பார்த்தவர், இது வேறெங்கோ இருந்த மரம் என்று சரியாகவே ஊகித்தார். அடுத்த அடியில் கடலுக்குப் போய்விட்டார். உண்மையில் அந்தத் துளை, முன்பு அங்கே நின்ற தடுப்புச் சுவரின் சட்டம் செருகியிருந்த இடம். அல்லது அருகில் இடித்த களஞ்சியத்திலிருந்து எடுத்துவந்த மரம். ஓக் மரம் விலை உயர்ந்தது, யாரும் எறிய மாட்டார்கள். கப்பலின் விலா மரங்களோ வளைந்தவை. அவற்றைக் கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் நாற்பது மைல் உள்நாட்டுக்கு இழுத்து வந்து நேர் உத்தரமாக்க எந்தத் தச்சருக்கும் பொறுமை இருந்திருக்காது. விதிவிலக்கு உண்டு. ஹாம்ப்ஷயரின் விக்கமில் 1820இல் கட்டிய செசபீக் ஆலை, ஆங்கிலேயர் கைப்பற்றிய அமெரிக்கப் போர்க்கப்பலின் மரங்களால் ஆனது. அது போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர் என்பதையும் கவனியுங்கள்.

அந்தக் காலத் தச்சர்கள் ஓக்கைக் காயவைத்துப் பயன்படுத்தவில்லை. பச்சையாகவே அறுத்து, நாக்கும் துளையுமாகப் பொருத்தி, இரும்பாணி இல்லாமல் மர முளை அடித்து இறுக்கினார்கள். மரம் கட்டடத்திலேயே காய்ந்து முறுக்கிக்கொள்ளும்; பொருத்து இன்னும் இறுகும். மாடி அறையில் தரை சாய்ந்திருப்பதும், கட்டிலின் ஒரு பக்கக் காலுக்கு மட்டும் கட்டை வைத்திருப்பதும் இதன் பின்விளைவு. வெட்டிய உடனே பயன்படுத்தியதில் நமக்கு ஒரு லாபம்: மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி மரம் வீழ்த்திய ஆண்டைக் கண்டுபிடித்தால், கட்டிய ஆண்டும் அநேகமாகக் கிடைத்துவிடும். "14ஆம் நூற்றாண்டு" என்று சொல்லும் விடுதியில், வளைய ஆய்வு செய்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். செய்திருந்தால் பெருமையாக அறிக்கையைக் காட்டுவார்கள்.

தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் உளியால் கீறிய ரோமன் எண்கள் தெரிந்தால் அவை மந்திரக் குறிகள் அல்ல. சட்டகம் முழுவதையும் தச்சுப் பட்டறையின் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்ற கணக்குதான் அது. உத்தரத்தின் கீழ் விளிம்பைச் சீவிச் சாய்த்திருப்பார்கள். அந்தச் சாய்ப்பு சுவருக்குச் சற்று முன்னால் ஒரு சிறு வளைவிலோ நாக்கு வடிவிலோ முடியும். முடிவுகளின் பாணி காலத்துக்குக் காலம் மாறியது. சாய்ப்பு முடியாமல் நேரே சுவருக்குள் ஓடிப் புகுந்தால், அந்தச் சுவர் பிற்பாடு வந்து அறையை இரண்டாக்கியது என்று அறியலாம்.

கருப்பு நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓக் தேன் நிறம்; வயதானால் சாம்பல் கலந்த வெள்ளி. பல வீடுகளில் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளைச் சுவர், கரிய சட்டம் என்ற தோற்றம் நாடெங்கும் பரவியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனையால். நான் தங்கிய ஒரு விடுதியில் ஆதிகால உத்தரம் என்று காட்டியதை விரலால் தட்டினேன். தகரப் பெட்டிபோல ஒலித்தது. இரும்பு உத்தரத்தைப் பலகையால் மூடிக் கருப்படித்திருந்தார்கள். தட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டாம். உண்மையான கருமை எங்கே இருக்கும் என்றால், யாரும் பார்க்காத கூரைக்குள். புகைபோக்கி வருவதற்கு முன் கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரிந்தது. புகை கூரைவரை எழுந்து இடுக்குகள் வழியே வெளியேறியது. பரணில் கைமரங்களில் கரி படிந்திருந்தால், கட்டடம் அந்தத் திறந்த கூடக் காலத்தைப் பார்த்தது.

16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியபோது அந்த உயர்ந்த கூடத்தின் நடுவே ஒரு தளம் போட்டு மேலும் கீழுமாக இரண்டு அறைகள் எடுத்தார்கள். நீங்கள் தலையை இடித்துக்கொள்ளப் போகும் தாழ்ந்த கூரை வந்த வழி இது. அக்கால மனிதர்கள் குள்ளம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எலும்புக்கூடுகளை அளந்து பார்த்ததில் இடைக்கால ஆங்கிலேய ஆண்களின் சராசரி உயரம் 170 செ.மீ. அளவில்தான் இருக்கிறது, அவர்களும் தலையை இடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். தாழ்ந்த அறை சீக்கிரம் சூடாகும், விறகு மிச்சம்.

அந்தப் புகைபோக்கியின் அடியில்தான் எல்லோரும் படமெடுக்கும் பெரிய கணப்பு இருக்கிறது. அதற்குள்ளேயே ஆள் உட்காரத் திண்டும், பக்கச் சுவரில் ரொட்டி சுடும் அடுப்பின் வாயும், உப்பை ஈரம் படாமல் வைக்கச் சிறு மாடமும் இருக்கும். மேலே தாங்கும் பெரிய மரத்தை நெருங்கிப் பாருங்கள். கண்ணீர்த் துளி வடிவில் கருகிய தழும்புகள் தெரியலாம். மெழுகுவர்த்தி கவனக்குறைவாகப் பட்டது என்றே நெடுநாள் நினைத்தார்கள். பிறகு செய்து பார்த்தபோது, தீயைச் சரியான சாய்வில் பல நிமிடம் பிடித்தால்தான் அந்த வடிவம் வருகிறது என்று தெரிந்தது. வேண்டுமென்றே இட்ட தழும்புகள். தீ விபத்தையும் தீய சக்தியையும் விலக்கும் காப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வூஸ்டர்ஷயரின் பிரெட்ஃபோர்ட்டனில் உள்ள ஃபிளீஸ் இன்னில் கணப்புக்கு முன் தரையில் வெள்ளை வட்டங்களையே பார்க்கலாம். சூனியக்காரி புகைபோக்கி வழியே இறங்காமல் தடுக்கப் போட்டவை. இடைக்காலப் பண்ணை வீடாகத் தொடங்கி, ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறைகளாக இருந்து, 1848இல் மதுவிற்பனை உரிமம் பெற்றது அது. கடைசி உரிமையாளர் லோலா டாப்லின் 1977இல் இறந்தபோது பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். 2004இல் கூரை எரிந்து, அடுத்த ஆண்டு சீரமைத்துத் திறந்தார்கள்.

கணப்பில் இறைச்சி சுட்ட கம்பியை யார் சுற்றினார்கள்? பல இடங்களில் நாய். சுவரில் உயரத்தில் பொருத்திய மரச் சக்கரத்துக்குள் குட்டைக் கால் நாயை விட்டுவிடுவார்கள். அது ஓட ஓடக் கம்பி சுழலும். வில்ட்ஷயரின் லேகாக்கில் உள்ள ஜார்ஜ் இன்னில் அந்தச் சக்கரம் இன்றும் கணப்பருகே இருக்கிறது. எத்தனையோ அரண்மனை நாற்காலிகளைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சக்கரம் மனத்தில் தங்கியதுபோல எதுவும் தங்கவில்லை.

பார் கவுண்ட்டர்தான் விடுதியின் ஆன்மா என்று பலரும் நம்புகிறார்கள். அது பிந்தி வந்த விருந்தாளி. 19ஆம் நூற்றாண்டுக்கு முன்பு பீப்பாய் நிலவறையிலோ பின்னறையிலோ இருக்கும். பணியாள் குவளையில் பிடித்து மேசைக்குக் கொண்டுவருவார். ஜோசப் பிரமா 1797இல் பீர் இறைக்கும் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். நிலவறைப் பீர் மேலே ஏறிவர வழி பிறந்த பிறகு, நகரத்து ஜின் கடைகளைப் பார்த்து கவுண்ட்டரும் வந்தது. கவுண்ட்டரே இல்லாமல் எப்படி இருந்திருக்கும் என்று அறிய சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டில் உள்ள கிங்ஸ் ஹெட்டுக்குப் போகலாம். பின்னறைப் பீப்பாயிலிருந்து இன்றும் நேரடியாகப் பிடித்துத் தருகிறார்கள். முன்னறையில் கணப்பைச் சுற்றி உயர்ந்த முதுகுள்ள மரப் பெஞ்சுகள். அந்த முதுகு அலங்காரத்துக்கல்ல; கதவிடுக்கில் வரும் குளிர்காற்றை மறிக்கும் நகரும் சுவர் அது.

படுக்கையறைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான் இருந்தது: பாதி நிலா, மாதுளை என்கிற மாதிரி. முன்பின் அறியாதவரோடு ஒரே கட்டிலில் படுப்பதும் சாதாரணம். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வேர் நகர விடுதிக்காரர் ஒருவர் 1590 வாக்கில் மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான ஓக் கட்டில் ஒன்றைச் செய்துவைத்தது ஊரைக் கூட்டத்தான். தூங்கியவர்கள் தங்கள் பெயரெழுத்தை அதில் செதுக்கிவிட்டுப் போனார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1931இல் அதை வாங்கியது. கீறல்களோடு அங்கே இருக்கிறது.

கோச் வண்டிக் காலம் குறுகியது. 1784இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே முதல் அஞ்சல் கோச் ஓடியது. 1830களின் இறுதியில் ரயில் வந்து மொத்தத்தையும் விழுங்கத் தொடங்கியது. அந்த ஐம்பது ஆண்டுகளில் பெரிய விடுதிகள் பஸ் நிலையம்போல இயங்கின. வடக்கு நெடுஞ்சாலையில் ஸ்டாம்ஃபோர்டின் ஜார்ஜ் விடுதிக்கு நாளொன்றுக்குப் போக இருபது, வர இருபது கோச்சுகள். வாயிலுக்கு இரு புறமும் பலகை வேய்ந்த இரண்டு அறைகள்: தெற்கே போகிறவர்களுக்கு "லண்டன்", வடக்கே போகிறவர்களுக்கு "யார்க்". காத்திருப்பு அறைகள்தான், பெயர்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் போகும் விடுதியின் முதல் மாடியில், மற்ற அறைகளுக்குப் பொருந்தாத உயரத்தோடு ஒரு பெரிய கூடம் இருந்தால் அது நடனக் கூடம். ஏலமும் நீதிபதிகளின் அமர்வும் பிரேத விசாரணையும் அங்கேதான் நடந்திருக்கும்.

ரயில் வந்ததும் விடுதிகள் நொடித்துப்போயின. அறைகளைப் பூட்டினார்கள், லாயங்கள் காலியாயின, மாற்றிக் கட்டக் காசில்லை. பழைமை பிழைத்தது பக்தியால் அல்ல, வறுமையால். பிறகு சைக்கிளும் மோட்டார் காரும் ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அவர்கள் எதிர்பார்த்த பழைமையை விடுதிகள் வாங்கி மாட்டிக்கொண்டன. சுவரில் பளபளக்கும் பித்தளைக் குதிரைப் பதக்கங்கள் பெரும்பாலும் விக்டோரியா காலத்துக்குப் பிந்தியவை. இரு உலகப் போர்களுக்கு நடுவே பீர் நிறுவனங்கள் ஒட்டு உத்தரங்களோடு புது விடுதிகளே கட்டின. எனக்கு அவற்றின்மேல் வெறுப்பு இல்லை. 1930இல் ஒட்டிய பொய் உத்தரத்துக்கும் இப்போது ஏறக்குறைய நூறு வயதாகப் போகிறது. சிலவற்றைச் சட்டமே காக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டால் முகப்பு மட்டுமல்ல, உட்புறமும் சேர்ந்தே காப்புக்குள் வரும். அனுமதியின்றி ஒரு கணப்பைப் பிடுங்கினாலும் அது குற்றம்.

அறை பதிவு செய்யும்போது முற்றத்தை நோக்கிய பின்கட்டு மாடியில் கேளுங்கள். மாற்றங்கள் குறைவாக இருக்கும், சாலை இரைச்சலும் எட்டாது. குளியலறை சிறிதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். நிலவறைக்குக் கூட்டிப்போய், சுவரில் கல் வைத்து அடைத்த ஒரு வளைவைக் காட்டுவார்கள். அநேகமாக அது வடிகாலின் வாய், அல்லது பக்கத்துக் கட்டடத்துக்குச் சொந்தமான நிலவறையின் தொடர்ச்சி. அதைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்துங்கள். கட்டடம் மேலே எத்தனை முறை எரிந்தாலும், இடிந்தாலும், முகம் மாற்றினாலும் நிலவறையை யாரும் வீணாகத் தோண்டி எடுப்பதில்லை. ரை நகரின் மெர்மெய்ட் விடுதியில் நிலவறை அதன் மேல் நிற்கும் கட்டடத்தைவிடப் பழையது. உங்கள் விளம்பரத் தாள் சொல்லும் 14ஆம் நூற்றாண்டு மெய்யாகவே இருந்தால், பீப்பாய்களுக்கு மேலே, மின்விளக்குக் கம்பி ஓடும் அந்தக் கல் வளைவுக் கூரையில் இருக்கும்.